மிஸ்டு காலுக்கு ஓடும் மோட்டார்

எங்கள் தோட்டத்து மோட்டார் ரூமில் மேற்குச் சுவர் முழுக்க அப்பாவின் கணக்குதான். சாக்பீஸ், கரித்துண்டு, பென்சில், எது கைக்கு அகப்பட்டதோ அதில் எழுதியிருப்பார். மோட்டாரை எப்போது மேலே தூக்கினார்கள், எப்போது காயில் கட்டினார்கள், பேரிங் மாற்றியது எந்த மாதம், பங்குனியில் கிணற்றுத் தண்ணீர் எத்தனை படிக்கு இறங்கியது, எல்லாம் அங்கே இருக்கிறது. வெள்ளையடிக்க விடமாட்டார். அந்தக் கணக்குகளுக்கு நடுவில், கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற உயரத்தில், ஒரு பத்து இலக்க எண் பெரிதாக எழுதியிருக்கும். அது மோட்டாரின் போன் நம்பர்.

மோட்டாருக்குப் போன் நம்பரா என்று சென்னையில் என்னோடு வேலை பார்க்கிறவர்கள் சிரித்தார்கள். உடுமலைப்பேட்டைப் பக்கம் யாரும் சிரிக்க மாட்டார்கள். அங்கே டீக்கடையில் பேசிக்கொண்டிருக்கிற ஒருவர் திடீரென்று சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, யாருக்கோ அடித்து, அந்தப் பக்கம் எடுக்கும் முன்பே வைத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்கிறார் என்றால், மூன்று கிலோமீட்டர் தள்ளி அவருடைய தென்னைக்குத் தண்ணீர் கிளம்பிவிட்டது என்று அர்த்தம்.

நான் சர்க்யூட் போர்டுகளுக்குள் ஓடும் நிரல் எழுதிப் பிழைக்கிறவன். இயந்திரங்கள் தமக்குள் கம்பியில்லாமல் பேசிக்கொள்வதை எங்கள் தொழிலில் எம்-டு-எம் என்போம். ஆபீசில் அதைப் பற்றி வாரத்துக்கு ஒரு மீட்டிங்காவது நடக்கும். திரையில் ரோபோ கைகளும் ஓட்டுநர் இல்லாத கார்களும் வந்து போகும். எனக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வருவது மோட்டார் ரூம் சுவர்தான்.

மிஸ்டு காலுக்கு மோட்டாரை ஓட்டும் அந்தப் பெட்டி வருவதற்கு முன்னால் எங்கள் வீட்டில் யாருடைய தூக்கமும் அவரவர் கையில் இல்லை. தோட்டத்துக்கு மும்முனை மின்சாரம் முறை வைத்துத்தான் வரும். பகலில் சில மணி நேரம், ராத்திரியில் சில மணி நேரம். த்ரீ பேஸ் வந்தால் மட்டும் எரிகிற மாதிரி ஒரு குண்டு பல்பை மோட்டார் ரூம் கூரை மேல் கட்டி வைத்திருந்தோம். அப்பா கட்டிலைத் திண்ணையில் அந்தப் பக்கம் பார்த்துப் போட்டுக்கொள்வார். பல்பு எரிந்ததும் டார்ச்சையும் கம்பையும் எடுத்துக்கொண்டு முக்கால் கிலோமீட்டர் நடை. மழைக்காலத்தில் வாய்க்கால் ஓரமாக விரியன் கிடக்கும். போய்ப் பச்சைப் பொத்தானை அமுக்கிவிட்டு நிற்பார். பத்து நிமிடத்தில் கரண்ட் போய்விடும். வீட்டுக்குத் திரும்பிக் கண் அசரும்போது மறுபடியும் பல்பு எரியும்.

‘ஆட்டோ’ போட்டுவிட்டால் கரண்ட் வந்ததும் மோட்டார் தானாகக் கிளம்பிவிடுமே என்று கேட்கலாம். போட்டுப் பார்த்தோம். அதில் ஒரு சிக்கல் உண்டு. மோட்டார் கிளம்புகிற நொடியில், ஓடும்போது இழுப்பதைவிட ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். ஒரே டிரான்ஸ்பார்மரில் இருக்கிற அத்தனை பேரும் ஆட்டோ போட்டு வைத்திருந்தால், கரண்ட் வந்த கணத்தில் எல்லா மோட்டாரும் ஒன்றாக முக்கும். டிரான்ஸ்பார்மர் எரிந்தால் அப்புறம் ஒரு வாரத்துக்கு யாருக்கும் தண்ணீர் இல்லை. தவிர, நேற்று மழை பெய்ததா, பாத்தி நிறைந்துவிட்டதா என்பதெல்லாம் ஆட்டோவுக்குத் தெரியாது.

2012இல் டவுனிலிருந்து ஒரு எலக்ட்ரீசியன் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து மாட்டினார். டிபன் பாக்ஸ் அளவு. உள்ளே ஒரு சிம் கார்டு, வெளியே எலிவால் போல ஒரு ஆன்டெனா. ஸ்டார்ட்டரிலிருந்து நாலு ஒயர் இழுத்துக் கொடுத்தார்.

“ஒரு மிஸ்டு கால் குடுத்தீங்கன்னா ஓடுமுங்கய்யா. இன்னொண்ணு குடுத்தா நின்னுக்கும். ஓடிருச்சுன்னா அதே உங்களுக்கு ஒரு மிஸ்டு கால் குடுக்கும்.”

“எடுக்காதில்ல தம்பி? காசு போகாதில்ல?”

“எடுக்கவே எடுக்காதுங்க.”

அப்பாவுக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. எடுக்காத போன் எப்படி வேலை செய்கிறது என்று அன்றைக்கு அவருக்கு விளக்கப் பார்த்தேன், கேட்கவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

நாம் ஒருவரை அழைக்கும்போது, அவருடைய போன் மணி அடிப்பதற்கு முன்பாகவே, ‘இன்ன நம்பரிலிருந்து அழைப்பு வருகிறது’ என்ற சிறு செய்தி டவரிலிருந்து அந்தப் போனுக்குப் போய்விடுகிறது. அழைப்பை எடுத்தால்தான் காசு. இந்தச் செய்திக்குக் காசு கிடையாது. பெட்டிக்குள் இருக்கிற மாடம் (டவரோடு பேசுகிற மோடம்) அந்த நம்பரைப் பக்கத்திலிருக்கும் சின்னச் சிப்புக்குச் சொல்கிறது. சிப்பு தன்னிடம் இருக்கிற நாலைந்து நம்பரோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. அப்பாவுடையதா, சரி, ரிலே என்கிற மின் சுவிட்சைத் தட்டு. தெரியாத நம்பரா, பேசாமல் இரு. கம்பெனிக்காரர்கள் ஒரு பைசா பார்க்க முடியாத அந்த இடைவெளிக்குள் ஒரு முழு பாசன வேலை நடந்து முடிந்துவிடுகிறது. நெட்வொர்க்கை வடிவமைத்தவர்கள் அதை எங்கள் தென்னைக்காக வைத்திருக்க வாய்ப்பில்லை.

மாடமும் சிப்பும் பேசிக்கொள்கிற மொழி இன்னும் பழையது. ஒவ்வொரு கட்டளையும் ‘ஏடி’ என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும். கவனி என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதல் இரண்டு எழுத்து. அமெரிக்காவின் ஹேஸ் நிறுவனம் 1981இல் கம்ப்யூட்டரைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்க ஒரு மாடம் கொண்டுவந்தது. அதற்காக உருவான மொழி. இன்றைக்கு வருகிற 4ஜி மாடத்திலும் முதல் வேலையாக ‘ஏடி’ என்று அடித்துவிட்டு, அது ‘ஓகே’ என்று பதில் சொல்கிறதா என்றுதான் பார்ப்பேன். பதில் வந்தால் ஒயரிங் சரி.

இன்னும் பின்னால் போனால் தியோடர் பராஸ்கெவாகோஸ் வருகிறார். கிரேக்கர். 1968இல் அமெரிக்காவின் அலபாமாவில் போயிங் நிறுவனத்தோடு வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, அழைக்கிறவரின் எண்ணை எடுக்கிறவரின் கருவிக்கு எப்படி அனுப்புவது என்று யோசித்தார். இன்று நாம் காலர் ஐடி என்று சொல்வதன் முன்னோடிகளில் ஒருவர். ஒரு கருவி தன் அடையாளத்தைத் தொலைபேசி வழியாகச் சொல்ல முடியுமென்றால் மீட்டரின் ரீடிங்கையும் சொல்ல முடியும்தானே? அந்தப் பாதையில் போய் 1977இல் ஃபுளோரிடாவில் மெட்ரிடெக் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, மீட்டர்களைத் தொலைவிலிருந்தே படிக்கும் வேலையில் இறங்கினார். எம்-டு-எம் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவரிடமிருந்துதான் தொடங்குகிறார்கள். காலர் ஐடியும் எம்-டு-எம்மும் ஒரே மண்டையில் சேர்ந்து முளைத்தவை என்று தெரிந்த அன்று எனக்கு ஒரே சந்தோஷம். அப்பாவின் பெட்டி அந்த இரண்டையும் மறுபடி ஒன்றாகச் சேர்த்துவிட்டதே.

நம் நாட்டில் மோட்டாரையும் மொபைலையும் இணைத்தவர்களில் பெயர் தெரிந்தவர் புனேயைச் சேர்ந்த பொறியாளர் சந்தோஷ் ஓஸ்ட்வால். அவருடைய கருவியின் பெயர் ‘நானோ கணேஷ்’. தள்ளாத வயதில் தாத்தா நேரங்கெட்ட நேரத்தில் மோட்டார் போட நடந்து போவதைப் பார்த்ததுதான் தொடக்கம் என்று சொல்லியிருக்கிறார். 2009இல் நோக்கியா நடத்திய போட்டியில் அதற்குப் பரிசும் கிடைத்தது. அதற்கப்புறம் கோயம்புத்தூரிலும் புனேயிலும் எத்தனையோ பேர் செய்து விற்றார்கள். எல்லாம் ஒரே தரம் என்று சொல்ல முடியாது.

எங்கள் முதல் பெட்டியே அப்படித்தான். வோல்டேஜ் குறைவாக இருக்கும் சாயங்காலங்களில், கால் வந்ததும் விளக்கு அணைந்து, செத்து, மறுபடி உயிர் பெறும். ஒரு தீபாவளி லீவில் கழற்றிப் பார்த்தேன். பழைய டேப்ரிக்கார்டர் பக்கத்தில் போனை வைத்தால், மணி அடிப்பதற்கு ஒரு நொடி முன்பு ஸ்பீக்கர் ‘டிக்டிக்கு டிக்டிக்கு’ என்று இரையுமே, ஞாபகம் இருக்கிறதா? 2ஜி மாடம் பேசும்போது இடைவிடாமல் பேசாது. நொடிக்கு 217 தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, விட்டுவிட்டுக் கத்தும். அந்த ஒவ்வொரு கத்தலுக்கும் 2 ஆம்பியர் வரை இழுக்கும். அதைத் தாங்க, மின்சாரத்தைக் கொஞ்சம் சேர்த்து வைத்திருந்து கொடுக்கிற தடித்த கெபாசிட்டர் ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும். செய்தவர்கள் அதில் காசை மிச்சம் பிடித்திருந்தார்கள். 1000 மைக்ரோஃபாரட் ஒன்றை வாங்கிப் பற்றவைத்தேன். அப்புறம் சாகவில்லை. நான் படித்த படிப்பை அப்பா மெச்சிய ஒரே சந்தர்ப்பம் அதுதான். ஊர் முழுக்கச் சொன்னார்.

ஒரு மனிதர் போன் அடித்து மோட்டார் ஓடினால் அது இயந்திரத்தோடு இயந்திரம் பேசுவதாகுமா என்று ஆபீசில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அடுத்த தோட்டத்து மாமா அதற்கும் வழி பண்ணிவிட்டார். அவருடைய தண்ணீர்த் தொட்டி மேட்டில், போர்வெல் பள்ளத்தில். தொட்டியில் மிதவை வைத்த ஒரு பெட்டிக்கு ஒரு சிம், மோட்டாருக்கு ஒரு சிம். தொட்டி காலியானால் தொட்டி மோட்டாருக்கு மிஸ்டு கால் கொடுக்கும், நிறைந்தால் இன்னொன்று. மாமா எதிலும் இல்லை. ஆனால் போன் மோட்டாரைப் போடுமே தவிர மடை திருப்பாது. அதே மாமா, ஒரு தடவை கல்யாண வீட்டில் உட்கார்ந்தபடி வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் இன்னொரு மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோனார். வரப்பு உடைந்து எங்கள் பக்கம் முழங்கால் தண்ணீர். சொட்டுநீர் போட்டவர்களுக்குத்தான் இந்த வசதி முழுசாகப் பொருந்தும்.

இந்தத் தொழில் வளர்ந்த கதை வெளியிலிருந்து பார்த்தால் ஒரே நேர்கோடு. 1990களின் நடுவில் சீமென்ஸ் போன்றவர்கள், போனிலிருந்து திரையையும் பொத்தானையும் கழற்றிவிட்டு மாடத்தை மட்டும் மற்ற கருவிகளுக்குள் பொருத்துகிற மாதிரி விற்கத் தொடங்கினார்கள். அப்புறம் சீன மாடங்கள் வந்தன. விலை ஆயிரங்களிலிருந்து சில நூறுக்கு இறங்கியது. 2010இல் தொலைத்தொடர்புக் கருவிகள் செய்யும் எரிக்சன் நிறுவனத்தின் தலைவர் ஹன்ஸ் வெஸ்ட்பெர்க், 2020க்குள் 5,000 கோடி கருவிகள் இணைந்திருக்கும் என்று சொன்னார். அந்த எண்ணை நான் பார்த்த பவர்பாயிண்டுகளுக்குக் கணக்கில்லை. 2020 வந்தது, அதில் பாதியைக்கூட எட்டவில்லை. அப்படியும் வந்து சேர்ந்தது கொஞ்சநஞ்சமில்லை.

கண்ணுக்கெதிரே இருக்கும் உதாரணம் கடைகளில் பேசுகிற அந்தப் பெட்டி. ‘பத்து ரூபாய் பெறப்பட்டது’ என்று டீக்கடையில் ஒரு பெண்குரல் சொல்கிறதே, அதற்குள்ளும் ஒரு சிம் இருக்கிறது. கடைக்காரரின் போனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. போன் அணைந்து கிடந்தாலும் பெட்டி பேசும். இந்த மாதிரிக் கருவிகள் பல, எம்க்யூடிடி என்ற செய்தி அனுப்பும் முறையில் பேசுகின்றன. அதை 1999இல் உருவாக்கியவர்கள் ஆர்லன் நிப்பரும் ஐபிஎம்மின் ஆண்டி ஸ்டான்ஃபோர்டு-கிளார்க்கும். எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிப்பதற்காகச் செய்தது. செயற்கைக்கோளில் ஒவ்வொரு எழுத்துக்கும் காசு என்பதால், செய்திக்கு முன்னால் ஒட்டுகிற தலைப்பகுதியை இரண்டே பைட்டுக்குள் அடக்க முடிகிற மாதிரி அமைத்தார்கள். அந்தச் சிக்கனம் இங்கே வடைக்கும் டீக்கும் உதவுகிறது.

சரி, பெட்டிக்கு வருவோம். உண்மையான தலைவலி பெட்டியில் இல்லை, சிம்மில் இருந்தது.

அப்பா போட்டிருந்தது ‘லைஃப்டைம்’ சிம். ஒரு தடவை காசு கட்டினால் ஆயுளுக்கும் இன்கமிங் உண்டு என்று சொல்லி விற்றது. யாருடைய ஆயுள் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. 2018 கடைசியில், மாதாமாதம் இவ்வளவு ரீசார்ஜ் செய்தால்தான் இன்கமிங்கே வரும் என்று ஆனது. அழைப்பை எடுக்கவே எடுக்காத, மாதம் ஒரு பைசாவுக்குப் பேசாத ஒரு மோட்டாருக்கு, கல்லூரிப் பையனுக்குப் போடுகிற மாதிரி ரீசார்ஜ் போட வேண்டும். மறந்தால் ராத்திரியில் மறுபடி டார்ச்சும் கம்பும்.

அதே 2018இல் இன்னொரு வதந்தி கிளம்பியது நினைவிருக்கலாம். எல்லோருடைய மொபைல் நம்பரும் 13 இலக்கம் ஆகப்போகிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது. விஷயம் வேறு. மத்திய தொலைத்தொடர்புத் துறை இயந்திரங்களுக்கான சிம்களுக்கு மட்டும் 13 இலக்க எண்ணை அந்த ஆண்டு ஜூலை 1 முதல் கொண்டுவந்தது. மனிதர்களுக்கான பத்து இலக்க எண்களை இயந்திரங்கள் தின்று தீர்த்துவிடக் கூடாது என்ற கவலை. இந்தச் சிம்களிலிருந்து முன்கூட்டியே குறித்த ஒன்றிரண்டு எண்களோடு மட்டும்தான் பேச முடியும் என்றும் கட்டுப்பாடு வைத்தார்கள். தேவையான கட்டுப்பாடுதான். தென்னாப்பிரிக்காவின் ஜோஹன்னஸ்பர்க்கில், பழுதானால் தானே தகவல் சொல்கிற டிராஃபிக் சிக்னல்களுக்குள் சிம் வைத்தார்கள். 2011 வாக்கில் திருடர்கள் நானூறு சிக்னல்களை உடைத்து அந்தச் சிம்களை எடுத்துக்கொண்டு போய் ஆசை தீரப் பேசித் தள்ளினார்கள். பில் நகராட்சிக்கு வந்தது. எங்கள் ஊரில் அவ்வளவு தூரம் போகவில்லை. மோட்டார் ரூமில் திருடர்கள் குறி வைப்பது தாமிரக் கேபிளைத்தான்.

ஆனால் எனக்கு ரீசார்ஜைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. போனை நாம் மூன்று நான்கு வருடத்தில் மாற்றிவிடுகிறோம். நெட்வொர்க் வைத்திருப்பவர்களின் கணக்கு அந்த வேகத்தை நம்பிப் போட்டது. மோட்டாரும் மீட்டரும் காரும் அப்படி இல்லை. எங்கள் மோட்டார் 1994இல் வாங்கியது, இரண்டு தடவை காயில் கட்டியதோடு சரி. அதன் பக்கத்தில் மாட்டுகிற பெட்டியும் அதே மாதிரி கிடக்கும் என்றுதான் ஒரு விவசாயி நினைப்பார்.

அமெரிக்காவில் ஆன்ஸ்டார் என்று ஒரு வசதி. விபத்து நடந்தால் காரே உதவிக்குக் கூப்பிடும். 2008 பிப்ரவரியில் பழைய அனலாக் நெட்வொர்க் மூடப்பட்டபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஏராளமான கார்கள் ஊமையாகிவிட்டன. 2017 புத்தாண்டுக்கு ஏடிஅண்ட்டி என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் தன் 2ஜியை நிறுத்தியது. சான்பிரான்சிஸ்கோவில் பேருந்து எத்தனை நிமிடத்தில் வரும் என்று நிறுத்தங்களில் காட்டும் பலகைகள் குழம்பிப்போயின. பேருந்துகள் இருந்த இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தவை 2ஜி மாடங்கள். பலகை தடுமாறிய பிறகுதான் பலருக்கு அப்படி ஒரு மாடம் இருப்பதே தெரிந்தது. ஐரோப்பாவில் 2018 மார்ச் 31 முதல், புதிய ரகக் கார்கள் விபத்தின்போது தானே 112க்கு அழைக்க வேண்டும் என்று சட்டம். அதற்காக வைத்த மாடங்கள் 2ஜியும் 3ஜியும் பேசுகிறவை. கார்கள் இன்னும் பதினைந்து வருடம் ஓடும். அங்கே நெட்வொர்க்குகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கிறார்கள்.

நம் நாட்டில் ஒரு வேடிக்கை நடந்தது. 2ஜிக்கு அப்புறம் வந்த 3ஜி முதலில் போனது. பொத்தான் போன் வைத்திருக்கிறவர்கள் கோடிக்கணக்கில் இருப்பதால் 2ஜியின் உயிர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர்கள் தயவில்தான் எங்கள் பக்கத்து மோட்டார்கள் ஓடுகின்றன. 2016இல் 4ஜி மட்டுமே உள்ள நெட்வொர்க் வந்தபோது பெரியப்பா அந்தச் சிம்மை ஆசையாக வாங்கிப் பெட்டியில் போட்டார். பெட்டி 2ஜி. இரண்டு நாள் பெட்டியைத் திட்டினார், அப்புறம் என்னைக் கூப்பிட்டார்.

“ஏன் சாமி, புதுச் சிம்முதானே, வேகமா ஓட வேண்டாமா?”

இதற்கு நான் சொன்ன பதில் அவருக்கு இன்றுவரை திருப்தியில்லை.

சிம்மே இல்லாமல் பண்ணலாமே என்று லோரா என்ற ரேடியோ முறையையும் முயன்று பார்த்தேன். பிரான்சின் கிரனோபிளில் பிறந்த தொழில்நுட்பம். இந்தியாவில் 865இலிருந்து 868 மெகாஹெர்ட்ஸ் வரை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம். கொஞ்சம் கொஞ்சமாகப் பேசும், வெகுதூரம் போகும், மாதச் சந்தா கிடையாது. வீட்டு மொட்டை மாடிக்கும் கிணற்றுக்கும் நடுவே அருமையாக வேலை செய்தது. ஆனால் அப்பா கோயமுத்தூரில் அத்தை வீட்டில் இருந்தால் மோட்டாரைப் போட, வீட்டில் இன்டர்நெட் இருந்தாக வேண்டும். வீட்டில் கரண்ட் போனால் அந்த ரவுட்டரும் போகும். “சுத்தி வளைச்சு எங்கியோ போற கண்ணு, மிஸ்டு காலே இருக்கட்டும்” என்றார். போன வருடம் வோல்ட்டியில், அதாவது 4ஜி வழியாகவே அழைப்பு வாங்கிப் பேசுகிற 4ஜி பெட்டி ஒன்றை வாங்கி மாட்டினேன். இந்தத் தடவை கெபாசிட்டரை முதலிலேயே பார்த்துக்கொண்டேன்.

பழைய நம்பரைச் சுவரிலிருந்து அழிக்கச் சொன்னேன். அழிக்கவில்லை. அதற்குக் கீழே புது நம்பரை எழுதினார். அதற்குக் கீழே ரீசார்ஜ் தேதிகளுக்காகக் கோடு போட்டு ஒரு கட்டம். 84 நாளைக்கு ஒரு வரி. எல்லாம் முடித்துக் கையைத் தட்டிக்கொண்டு கேட்டார்.

“இந்த 4ஜி எத்தனை வருசத்துக்கு வருங்கண்ணு?”

கொஞ்சம் யோசித்து, “பத்து வருசம் வரும்ப்பா” என்றேன்.

சாக்பீஸை மறுபடி எடுத்து, அன்றைய தேதியைப் போட்டு எழுதினார்: ‘10 வருசம். பையன் சொன்னது.’